ஒரு நாவில் பல தமிழ்: நகைச்சுவைக் கலைஞர் மனோரமா

மெய்ப்பாடுகளை எட்டு என வகுத்த தொல்காப்பியர் நகையையே அவற்றுள் முதலில் வைத்தார். அந்நகை இளமை, பேதைமை, மடமை, எள்ளல் ஆகிய நான்கு நிலைக்களன்களில் தோன்றும் என்றும் பகுத்துக் காட்டினார். இலக்கணத்தில் இத்தகைய முதன்மை பெற்ற நகைக்குச் சமுதாயத்தில் அதே மதிப்பு வாய்த்ததா என்றால், இல்லை என்றே விடை கூற வேண்டும். அழ வைத்தவரைக் கலைஞர் என்று போற்றிய நாம், சிரிக்க வைத்தவரைக் கோமாளி என்று அழைத்துவிட்டு வீடு திரும்பினோம். சிரிக்க வைத்தவர் பெண்ணாக இருந்துவிட்டால் அவருக்குக் கிடைத்த இடம் இன்னும் தாழ்ந்தது.

அத்தாழ்ந்த இடத்தில் நின்றே அரை நூற்றாண்டுக்கு மேல் தமிழ் மக்களைச் சிரிக்க வைத்தவர் மனோரமா. 1937ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் பிறந்து, 2015ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் மறைந்த அவருடைய வாழ்வும் கலையும் திரைப்பட இரசிகரின் பொழுதுபோக்கோடு முடிந்துவிடும் செய்தியன்று. தாயகத்தை விட்டு வந்து வெளி மாநிலங்களில் குடியேறிய நம் போன்றோருக்கு அவ்வாழ்வில் தனிப்பட்ட பொருள் ஒன்று உண்டு.

அவருக்கு முன் நின்றவர்கள்

பழைய இசை நாடக மேடையில் கதை தொடங்குமுன் பபூன் என்னும் கோமாளியும் ஆட்டக்காரியும் தோன்றி, பாட்டும் வாதமும் எதிர்வாதமுமாக அவையைக் கலகலப்பாக்குவது வழக்கம். இரவு முழுதும் நிகழும் நாடகத்திற்கு மக்களை அமரச் செய்வதே அவர்கள் பணி. ஆடவும் பாடவும் நொடியில் விடை பகரவும் வல்லவளாக அந்தப் பெண் இருத்தல் வேண்டும். ஆனால் விடிந்தபின் அவளுக்குத் தெருவில் கிடைத்த பெயர் ‘கூத்தாடி’ என்பதுதான்.

பேசும் படம் வந்தபோது இம்மரபு திரைக்குப் பெயர்ந்தது. தமிழ்ப் படங்கள் பலவும் பம்பாயிலும் பூனாவிலும் கல்கத்தாவிலும் எடுக்கப்பட்ட காலம் அது. 1936இல் வெளிவந்த ‘வசந்தசேனா’ படப்பிடிப்பிற்காகப் பூனா சென்ற குழுவில்தான் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் இணைந்தனர். அவ்விணை தமிழ்த் திரையின் நகைச்சுவைக்கு இலக்கணம் ஆயிற்று. கிருஷ்ணன் எழுப்பும் கேள்விக்கு மதுரத்தின் மறுமொழி கூர்மையாக வந்து விழும். 1944இன் இறுதியில் இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கிருஷ்ணன் சிறைப்பட்டு 1947இல் விடுதலையாகும் வரை, வழக்கையும் குடும்பத்தையும் நாடகக் குழுவையும் தாங்கி நின்றவர்களுள் முதன்மையானவர் மதுரமே. ஆயினும் வரலாறு அவரைப் பெரும்பாலும் ‘கலைவாணரின் துணைவி’ என்றே குறித்தது.

மற்றவர்களும் இவ்வாறே இணைகளாக அறியப்பட்டனர். காளி என். ரத்தினம் என்றால் சி.டி. ராஜகாந்தம், கே.ஏ. தங்கவேலு என்றால் எம். சரோஜா. டி.பி. முத்துலட்சுமி போன்றோர் பலருடன் நடித்துத் தனித்திறன் காட்டினர் எனினும், நகைச்சுவை நடிகை என்பவர் ஓர் ஆணின் நகைச்சுவைக்கு மறுபாதி என்ற எண்ணமே திரையுலகில் வேரூன்றியிருந்தது. மனோரமா வந்து சேர்ந்த களம் இதுவே.

மன்னார்குடியிலிருந்து பள்ளத்தூருக்கு

தஞ்சை மாவட்டமாக அந்நாளில் விளங்கிய பகுதியில், மன்னார்குடியில் கோபிசாந்தா என்னும் பெயருடன் பிறந்தவர் அவர். தந்தையின் ஆதரவு இல்லாது போகவே, தாய் இராமாமிர்தம் குழந்தையுடன் காரைக்குடிக்கு அருகிலுள்ள பள்ளத்தூருக்கு இடம் பெயர்ந்தார். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் சென்ற அத்தாயின் துயரம் குடிபெயர்ந்த குடும்பங்கள் எளிதில் உணரக்கூடியதே. வறுமையால் பள்ளிப் படிப்பு இடையில் நின்றது. தாய்க்கு உடல்நலம் குன்றியபோது சிறுமியும் வீட்டு வேலைக்குச் சென்றார்.

கல்வி நின்றது, குரல் நிற்கவில்லை. கேட்ட பாடலை அப்படியே பாடும் திறன் அச்சிறுமிக்கு இயல்பாக வாய்த்திருந்தது. ஊருக்கு வந்த நாடகக் குழுவொன்றுக்குப் பாடி நடிக்க ஒரு பெண் தேவைப்பட்டபோது அவர் மேடை ஏறினார். அப்போது அவருக்கு அகவை 12. நாடகத்தை நடத்திய திருவேங்கடமும் ஆர்மோனியக் கலைஞர் தியாகராசனும் அவருக்கு மனோரமா எனப் பெயர் சூட்டினர். வட்டாரத்து மக்களோ ‘பள்ளத்தூர் பாப்பா’ என்று அழைத்தனர். பிறந்த ஊர் அவரைக் கோபிசாந்தாவாகவே விட்டுவிட, புகுந்த ஊர் அவருக்குப் பெயரும் பிழைப்பும் மொழியும் தந்தது. முதிய பெண்டிரை மதிப்புடன் குறிக்கச் செட்டிநாடு வழங்கும் ‘ஆச்சி’ என்னும் சொல்லே இறுதிவரை அவருடைய இரண்டாம் பெயராக நிலைத்தது.

எஸ்.எஸ். இராசேந்திரனின் நாடகக் குழுவில் சேர்ந்தது அவர் வாழ்வின் பெருந்திருப்பம். கலைஞர் மு. கருணாநிதி எழுதிய ‘மணிமகுடம்’ நாடகத்தில் நடித்துப் புகழ் பெற்றார். திராவிட இயக்க நாடகங்கள் தமிழ் மேடையின் மொழியையே மாற்றிக்கொண்டிருந்த காலம் அது. அடுக்குமொழி வசனத்தை மூச்சுப் பிடித்துப் பேசவும், அதனிடையே சொல் தெளிவு குன்றாது காக்கவும் அம்மேடை அவரைப் பழக்கிற்று. பிற்காலத்தில் தமிழக முதல்வர்களாகவும் ஆந்திர முதல்வராகவும் விளங்கிய ஐவருடன் அவர் நடித்தவர் என்பதைப் பலரும் வியப்புடன் குறிப்பிடுவர். அண்ணாவுடனும் கருணாநிதியுடனும் மேடையில்; எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி. ராமாராவ் ஆகியோருடன் திரையில்.

கண்ணதாசன் காட்டிய பாதை

கவியரசு கண்ணதாசன் தயாரித்த ‘மாலையிட்ட மங்கை’ 1958இல் வெளிவந்தது. மனோரமாவுக்கு அதில் காகா ராதாகிருஷ்ணனுடன் நகைச்சுவை வேடம். மேடையில் கதைத்தலைவியாக நடித்தவருக்குத் திரையில் சிரிப்பு வேடமா என்று அவர் தயங்கினார். கதைத்தலைவியாக நடித்தால் சில ஆண்டுகளில் வாய்ப்பு அருகிவிடும், நகைச்சுவை நடிகையாக நின்றால் வாழ்நாள் முழுதும் நிலைக்கலாம் என்னும் கருத்துப்படக் கவிஞர் தம்மைத் தேற்றியதாக அவரே பின்னாளில் நன்றியுடன் கூறுவதுண்டு.

1963இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘கொஞ்சும் குமரி’யில் ஆர்.எஸ். மனோகருடன் கதைத்தலைவியாகவும் அவர் நடித்தார். அவ்வேடம் அவரை அப்பாதையில் நிறுத்திவிடவில்லை. அவர் மீண்டும் நகைச்சுவைக்கே வந்தார், அதிலேயே வளர்ந்தார்.

அக்காலத்தில் நகைச்சுவைப் பகுதி பல படங்களில் மூலக்கதையோடு ஒட்டாத தனிக் கிளையாகவே அமைந்திருந்தது. சில வேளைகளில் அதனை எழுதுபவரே வேறொருவராக இருப்பார். தலைவனும் தலைவியும் மாதக்கணக்கில் நடிக்கும் ஒரு படத்தில், நகைச்சுவைக் கலைஞருக்குச் சில நாட்களே வேலை. ஒரே நாளில் ஒரு படப்பிடிப்பு நிலையத்தில் கிழவியாகவும் இன்னொன்றில் கல்லூரி மாணவியாகவும் அவர்கள் நிற்க நேர்ந்தது. ஊதியமும் அதற்கேற்பச் சுருங்கியதே. 1000 படங்களுக்கு மேல் நடித்தவர் எனக் கின்னஸ் சாதனை நூலில் மனோரமாவின் பெயர் இடம்பெற்றபோது நாடே வியந்தது. அப்பெரிய எண்ணுக்குப் பின்னால் இருந்தது ஓயாத உழைப்பு. மணவாழ்வு நிலைக்காத நிலையில் தாயையும் ஒரே மகனையும் காக்கும் பொறுப்பு அவர் ஒருவர் தோளில் இருந்தது என்பதையும் நாம் சேர்த்தே எண்ண வேண்டும்.

மதுரத்திற்குக் கிருஷ்ணன் போல மனோரமாவுக்கு நிலையான இணை எவரும் இல்லை. நாகேஷுடன் அவர் நடித்த படங்கள் மிகப் பல. சோ, தேங்காய் சீனிவாசன், சுருளிராசன் என இணைகள் மாறினர், தலைமுறைகள் மாறின. அவர் மாறாது நின்றார். நகைச்சுவை நடிகை ஓர் ஆணின் மறுபாதி என்ற பழைய எண்ணம் அவரால்தான் உடைந்தது.

திசைச்சொல்லின் அரசி

இவ்வாறு தனித்து நிற்கும் வலிமை அவருக்கு எங்கிருந்து வந்தது? வட்டாரப் பேச்சின் மீது அவருக்கிருந்த ஆளுமையே அவ்வலிமை என்பது இக்கட்டுரையின் துணிபு.

1967இல் கே. பாலசந்தர் இயக்கிய ‘அனுபவி ராஜா அனுபவி’யில் நாகேஷ் இரு வேடம் ஏற்றார். அவருடன் மனோரமா தோன்றும் பகுதியில் தூத்துக்குடிக் கடற்கரையின் பேச்சு துள்ளி விளையாடுகிறது. மறு ஆண்டே வந்த ‘பொம்மலாட்டம்’ படத்தில் சென்னை உழைப்பாளர் பேச்சில் அமைந்த பாடலொன்றை, வி. குமாரின் இசையில் அவரே சொந்தக் குரலில் பாடினார். பின்னணிப் பாடகியர் கோலோச்சிய காலத்தில் நடிகை தாமே பாடுவது அரிது. ‘சின்ன கவுண்டர்’ (1992) படத்தில் கொங்கு நாட்டுத் தாயாக, பல் எடுப்பாகத் தோன்றும் ஒப்பனையுடன் நடித்தார். செட்டிநாட்டு ஆச்சியின் நீட்டலும் அந்தணர் இல்லத்துப் பாட்டியின் இழுவையும் நெல்லைச் சீமையின் ஏற்ற இறக்கமும் அவர் நாவில் ஒன்றோடொன்று கலவாமல் தனித்தனியே வாழ்ந்தன.

இதனைக் கொச்சை என்று ஒதுக்குவோர் உளர். அவர்கள் தொல்காப்பியத்தை மீண்டும் நோக்குதல் நலம். இயற்சொல், திரிசொல், வடசொல் என்பவற்றோடு திசைச்சொல்லையும் செய்யுளுக்கு உரிய சொல்லாக ஏற்றவர் அப்பேராசான். செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பகுதிகளின் வழக்கு என அவர் கண்ட திசைச்சொல்லுக்கும் இன்றைய வட்டாரப் பேச்சுக்கும் இலக்கண நுட்பத்தில் வேறுபாடு இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு நிலமும் தன் சொல்லோடு வந்து அவையில் அமரலாம் என்ற பெருநோக்கு இரண்டிற்கும் பொது.

வட்டாரப் பேச்சை மேடையில் பயன்படுத்துவோர் பலர் அதனை எள்ளலுக்கே பயன்படுத்துவர். பேசுபவரின் ஊரும் சாதியும் வறுமையும் அங்கே நகைப்புக்கு இலக்காகிவிடும். மனோரமாவிடம் இப்பிழை அரிது. அவர் படைத்த பெண்கள் தம் பேச்சைத் தாமே நம்பிப் பேசினர். தம்மைக் கேலிப் பொருள் என எண்ணிப் பேசவில்லை. அதனால்தான் அந்தந்த ஊர்க்காரரே அவரைத் தம் வீட்டுப் பெண்ணாகக் கொண்டாடினர்.

ரமாமணி என்னும் ஆட்டக்காரி

கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்னும் புனைபெயரில் ஆனந்த விகடனில் எழுதிய ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடரை, ஏ.பி. நாகராஜன் 1968இல் திரைப்படமாக்கினார். சிவாஜி கணேசன், பத்மினி, டி.எஸ். பாலையா, நாகேஷ் என நடிப்பின் மலைகள் நிறைந்த அப்படத்தில், நாடகக் கொட்டகை ஆட்டக்காரி ஜில் ஜில் ரமாமணியாக மனோரமா வந்தார். அவர் வாழ்நாளில் ஏற்ற வேடங்களுள் தலையாயது எது என்று கேட்டால் பெரும்பாலோர் இதனையே சுட்டுவர்.

ரமாமணி யார்? ஊர் ஊராகச் செல்லும் நாடகக் குழுவில் ஆடிப் பாடிப் பிழைக்கும் பல்சுவைக் கலைஞர். மோகனாம்பாளுக்கு மரபின் பெருமை உண்டு. சண்முகசுந்தரத்திற்கு நாகசுவரத்தின் செருக்கு உண்டு. ரமாமணிக்கு இரண்டும் இல்லை. மாபெரும் வித்துவானிடம் சென்று, இத்தனை இனிய ஒலி அவருடைய நாயனத்தில் மட்டும்தான் எழுமோ, எல்லா நாயனத்திலும் எழுமோ என்னும் பொருள்பட அவள் வினவும்போது அரங்கம் சிரிக்கிறது. அச்சிரிப்பு எள்ளலில் பிறந்ததன்று, பேதைமையில் பிறந்தது. கேள்வி அறியாமையுடையது, கேட்கும் உள்ளமோ கலையின் முன் கைகூப்பி நிற்பது. ஒருவகையில் அது ஆழ்ந்த கேள்வியுமாகும். கலை கருவியில் உள்ளதா, கலைஞனிடம் உள்ளதா என்பதை அறிஞர் இன்றும் ஆராய்ந்துகொண்டுதானே இருக்கின்றனர்!

பள்ளத்தூர்க் கொட்டகையில் தொடங்கியவருக்கு ரமாமணியின் உலகம் ஏட்டில் படித்து அறிய வேண்டியதாக இல்லை. அவ்வுலகத்துப் பெண்களின் வெகுளித்தனத்தையும் அன்பையும், பிறர் தம்மைத் தாழ்வாகக் கருதுவர் என்ற உள்ளூறும் அச்சத்தையும் அவர் அறிவார். ‘கூத்தாடி’ என இகழப்பட்ட எண்ணற்ற பெண்களுக்குத் தமிழ்த் திரையில் எழுப்பப்பட்ட நினைவுச் சின்னம் ரமாமணி எனலாம்.

சிரிப்புக்கு அப்பால்

1974இல் மெஹ்மூத் பம்பாயில் உருவாக்கிய ‘குன்வாரா பாப்’ என்னும் இந்திப் படத்தில் அவருக்கு இணையாக மனோரமா நடித்தார். விந்திய மலைக்கு வடக்கே வாழும் தமிழர்க்கு அது பெருமை தந்த நிகழ்ச்சி. தெலுங்கு, மலையாளம், கன்னடப் படங்களும் அவரை அழைத்தன.

அகவை முதிர முதிர நகைச்சுவைக்கு அடியில் ஓடிய அவலத்தை அவர் வெளிக்கொணரலானார். விசு இயக்கி ஏவி.எம். நிறுவனம் 1986இல் வெளியிட்ட ‘சம்சாரம் அது மின்சாரம்’ படத்தில் அவருக்கு வேலைக்காரி கண்ணம்மா வேடம். நடுத்தரக் குடும்பத்தின் பூசலை நடுநின்று காணும் கண்ணம்மா, வீட்டார் எவருக்கும் இல்லாத தெளிவுடன் வாயாடித் தீர்வு தேடுகிறாள். இளமையில் பிறர் வீட்டில் வேலை செய்த கைகள், அகவை ஐம்பதை நெருங்கும்போது அவ்வேலைக்காரியின் தன்மானத்தைத் திரையில் நிலைநாட்டின. 1990இல் வந்த ‘நடிகன்’ படத்தில், மணமாகாது முதுமை எய்திய பெண் ஒருத்தி, முதியவராக வேடமிட்ட இளைஞனிடம் மனத்தைப் பறிகொடுக்கிறாள். சிரித்துக்கொண்டே காணும் நமக்கு, அவளுடைய தனிமை நெஞ்சை உறுத்துகிறது.

பார்த்திபன் இயக்கி 1989இல் வெளிவந்த ‘புதிய பாதை’ படம் அவருக்குச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. 2002இல் பத்மஸ்ரீ விருது வந்தபோது அவர் திரைக்கு வந்து 44 ஆண்டுகள் ஆகியிருந்தன. விருது வந்ததில் மகிழ்ச்சியே. வந்து சேர்ந்த காலத்தை எண்ணும்போது, நகைக்கு நம் நாடு தரும் மதிப்பு எத்தகையது என்பதும் விளங்குகிறது.

நமக்கு அவர் விட்டுச் சென்றது

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் தமிழை இரு வழிகளில் அறிகின்றனர். ஒன்று வீட்டுத் தமிழ். அது ஆங்கிலமும் இந்தியும் கலந்து மெலிந்து வருகிறது. மற்றொன்று சங்கத்தின் வகுப்புகளில் பயிலும் ஏட்டுத் தமிழ். அது திருக்குறளையும் பாரதியையும் தருகிறது. இவ்விரண்டிற்கும் இடையில் ஒரு தமிழ் உண்டு. தாத்தாவின் ஊரில் கிணற்றடியிலும் களத்துமேட்டிலும் வண்டிப்பேட்டையிலும் வழங்கிய தமிழ் அது. தஞ்சைக் குடும்பம் வேறு, நெல்லைக் குடும்பம் வேறு, கொங்குக் குடும்பம் வேறு என அறியச் செய்த அப்பேச்சு, இரண்டாம் தலைமுறையில் மங்கி மூன்றாம் தலைமுறையில் மறைந்துவிடுகிறது. அவ்வாறு நாம் இழந்துவரும் ஒலிகள் பலவற்றை ஒரு நாவில் சேர்த்து வைத்துச் சென்றார் மனோரமா. அவர் படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது, இது உன் பாட்டியின் பேச்சு, இது உன் தாத்தா ஊர்ச் சொல் என்று எடுத்துச் சொல்வது பெற்றோர் கடன்.

இன்னொன்றும் கூறத் தோன்றுகிறது. சங்கங்களின் ஆண்டு விழா நாடகங்களில் நம் பெண்மக்கள் கண்ணகியாகவும் சகுந்தலையாகவும் வேடம் புனைய மகிழ்ந்து முன்வருகின்றனர். சிரிப்பு வேடம் என்றால் தயங்குகின்றனர், பெற்றோரும் தயங்குகின்றனர். ஆண் ஒருவர் சேலை உடுத்தி அவ்விடத்தை நிரப்புவதும் உண்டு. நகைச்சுவை பெண்ணுக்கு இழுக்கு என்னும் பழைய நினைப்பு இன்னும் நம்மை விட்டு அகலவில்லை. அந்நினைப்பின் சுமையைத் தாங்கியே மேடை ஏறினார் பள்ளத்தூர்ச் சிறுமி. வாழ்நாள் முழுதும் உழைத்து அதன் கூர்மையை மழுக்கினார்.

அடுத்த விழாவில் நம் வீட்டுப் பெண்ணொருத்தி தன் பாட்டியின் ஊர்ப் பேச்சில் மேடையேறி அவையைச் சிரிக்க வைப்பாளாயின், முன்வரிசையில் அமர்ந்து முதலில் கைதட்டுவோர் அவள் பெற்றோராக இருக்கட்டும். ஆச்சிக்கு நாம் செலுத்தத் தகும் அஞ்சலி அதுவே.